வீடற்றவரா, வெளியில் படுப்பவரா?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம், இரவு பதினொன்றரை. கல்மேசை ஓரமாக அட்டையை விரித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். தொண்டூழியராகப் போயிருந்த நான், கையிலிருந்த கேள்வித் தாளில் இருந்ததை அப்படியே கேட்டேன்: “நீங்கள் வீடற்றவரா அங்கிள்?”

அவருக்குச் சுருக்கென்றது. “யார் சொன்னது? வாடகை வீடு இருக்கு. அங்கே படுக்க முடியல, அவ்வளவுதான்.”

ஓரறை வீடு, முன்பின் தெரியாத இன்னொரு தனியாளோடு பங்கு. அவர் விடிய விடிய டிவி பார்ப்பார். காவலாளி வேலைக்குப் போகும் இவர் ஐந்து மணிக்கு எழ வேண்டும்.

‘வீடற்றோர்’ என்ற சொல் அவரிடம் செல்லவில்லை. அதன் பொருளே பழைய தமிழில் வேறு. ‘விடு’ என்ற வேரிலிருந்து வந்தது வீடு. அறம், பொருள், இன்பம், வீடு என்று அடுக்கியபோது அது விடுதலை, முத்தி. அந்தக் காலப் புலவர் ஒருவரிடம் ‘வீடற்றவர்’ என்றால் மறுபிறவி எடுக்கப் போகிறவர் என்று நினைத்துக்கொள்வார்!

சரி, நம் சட்டம் என்ன சொல்கிறது? இப்படிப்பட்டவர்களைப் பற்றிய 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘டெஸ்டிட்யூட்’. ‘கைவிடு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. தமிழில் ‘ஆதரவற்றோர்’ என்பது அதற்குப் பழுதில்லாத இணை. ‘அனாதை’ என்று எழுதுவோரும் உண்டு. அது பெற்றோரை இழந்த பிள்ளைக்கு ஒட்டிக்கொண்ட சொல், அறுபது வயதுக்காரருக்குப் பொருந்தாது.

பெயரைவிட என்னை உறுத்துவது அதன் வரையறை. பிச்சையெடுத்துத் தொல்லை தருபவரோடு, பிழைப்புக்கு வழியோ தங்க இடமோ இல்லாமல் பொது இடத்தில் ‘சும்மா இருப்பவரும்’ அதில் அடக்கம். அப்படிப்பட்டவரை நலன்புரி இல்லத்தில் தங்கச் சொல்லி உத்தரவிடவும் அது இடம் கொடுக்கிறது. ஆனால் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் 2019 ஆய்வில் பேட்டி கொடுத்த, வெளியில் படுப்பவர்களில் பத்துக்கு ஆறு பேர் வேலை பார்ப்பவர்கள். சும்மா இருந்தது யார்?

சட்டத்தைத் திருத்துவது பற்றிப் பேச்செடுத்தால், “இல்லத்தில் சேர்த்துவிட்டால் ஆச்சு” என்பார் என் பக்கத்து வீட்டுக்காரர். அட்டையில் படுப்பவரைக் கேட்டால் தனிச் சாவி, தனிக் கதவு என்கிறார். இரண்டுக்கும் தேவைப்படுவது வேறு வேறு சட்டம்.

சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2022இல் நடத்திய கணக்கெடுப்பில் 530 பேர் இருந்தார்கள். அங்கே எண்ணப்பட்டது வீடு இல்லாதவர்களை அல்ல, வெளியில் தூங்கியவர்களை. அதற்கு ‘வெளியில் உறங்குவோர்’ என்பதே சரியான தமிழ். ‘வீடிலி’ கச்சிதமான சொல்தான், ஆனால் மறுபடி வீட்டையே அளக்கிறது.

அன்று அந்த அங்கிளிடம் வேறு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். “வெளியில படுக்கிறவன்னு எழுது தம்பி.” அப்புறம் காலணியைத் தலைமாட்டில் வைத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டார்.