விடை தெரிந்த கை: அதிசயக் கூற்றுகளைச் சோதிக்கும் முறை

ஒரு மோதிரத்தை ஒரு சாண் நீள நூலில் கட்டி, நூலின் மேல்முனையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்துக்கொண்டு, முழங்கையை எதன்மீதும் ஊன்றாமல், தாளில் வரைந்த ஒரு வட்டத்துக்கு மேலே தொங்கவிட்டுப் பாருங்கள். கையை ஆட்ட வேண்டாம். மோதிரம் வட்டத்தின் விளிம்பைச் சுற்றி வருவதாக எண்ணிக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தால் போதும். பலருக்குச் சிறிது நேரத்தில் அது சுற்றத் தொடங்கிவிடும். பிறகு இடவலமாக ஆடுவதாக எண்ணினால், சுழற்சி மெல்லக் குலைந்து நேர்கோட்டு அசைவாக மாறும். கை அசையவே இல்லை என்று பிடித்திருப்பவர் உறுதியாகச் சொல்வார். அவர் சொல்வதில் பொய் கிடையாது.

ஓர் அசைவை எதிர்பார்க்கும்போதே, அந்த அசைவுக்கான மிக மெல்லிய கட்டளைகள் மூளையிலிருந்து தசைகளுக்குச் சென்றுவிடுகின்றன. விரல் நகரும் அளவு மிகச் சிறியது என்பதால் நாம் அதை உணர்வதில்லை. ஆனால் ஊசலுக்கு ஒரு குணம் உண்டு: அதன் இயல்பான ஆட்டத்தோடு ஒத்திசைந்து வரும் சிறு உந்தல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். விரல்நுனியில் கண்ணுக்குத் தெரியாத அசைவு, நூலின் அடிமுனையில் பெரிய வட்டமாகிறது. நிலத்தடி நீரைத் தேடுபவரின் கவட்டைக் குச்சி சட்டெனக் கீழே வளைவதும், ஆவிகளோடு பேசுவதற்கென்று விற்கப்படும் பலகையில் எழுத்துகளை நோக்கி விரல்கள் நகர்வதும் இதே வழியில்தான் நிகழ்கின்றன. ஆங்கிலேய உடலியலாளர் வில்லியம் கார்ப்பென்டர் 1852ஆம் ஆண்டில் இதற்கு ஐடியோமோட்டார் விளைவு என்று பெயரிட்டார். அதற்கு முன்பே, பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ரல், பாதரசத்துக்கு மேலே தான் பிடித்த ஊசல் தானாக ஆடுவதைக் கண்டு வியந்து, தன் கையைத் தாங்குகோலில் வைத்தும் கண்ணைக் கட்டிக்கொண்டும் திரும்பத் திரும்பச் சோதித்தார். தாங்குகோல் விரல்களை நெருங்க நெருங்க ஆட்டம் குறைந்தது. கண்ணைக் கட்டியபோது ஊசல் பொருள்களுக்கு ஏற்ப மாறுவது நின்றுபோனது. இந்த முடிவுகளை 1833இல் ஆம்பியருக்கு எழுதிய கடிதமாக அவர் வெளியிட்டார்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு மைக்கேல் ஃபாரடே 1853இல் செய்தது. அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் மேசை சுழற்றும் பழக்கம் பரவியிருந்தது. சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அதன்மேல் கைகளை வைத்துக் காத்திருப்பார்கள். சற்று நேரத்தில் மேசை நகரும், சில வேளைகளில் அறையையே சுற்றி வரும். ஆவிகளின் செயல் என்றார்கள் சிலர். மின்சாரம் அல்லது காந்தம் என்றார்கள் வேறு சிலர். மின்னியலில் அன்று ஃபாரடேயைவிடப் பெரிய பெயர் இல்லை என்பதால் கேள்வி அவரிடமே வந்து சேர்ந்தது.

மேசையை நகர்த்துவதில் தேர்ந்தவர்கள் என்றும் நேர்மையானவர்கள் என்றும் தாம் அறிந்தவர்களை மட்டுமே அவர் அழைத்தார். முதலில் கண்ணாடி, களிமண், அட்டை, மரம் எனப் பலவகைப் பொருள்களை அடுக்கிக் கட்டி அவர்களின் கைகளுக்கு அடியில் வைத்தார். மேசை வழக்கம்போலவே நகர்ந்தது. ஆகவே இந்தப் பொருள்கள் எதுவும் நிகழ்வுக்குத் தடையாக இல்லை என்பது இரு தரப்புக்கும் தெளிவாயிற்று. அதன் பிறகே உண்மையான கருவியை வைத்தார். வழுவழுப்பான சில அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே மென்மையான பசை உருண்டைகளை வைத்தார். அந்தப் பசை அட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும், ஆனால் தொடர்ந்து அழுத்தினால் மெதுவாக இடம் கொடுக்கும். அட்டைகள் முதலில் எங்கே இருந்தன என்பதைக் காட்ட அடியில் பென்சில் கோடு ஒன்றும் இழுத்துவைத்தார்.

மேசை கையை இழுத்துச் சென்றிருந்தால், அடியிலுள்ள அட்டைகள் முந்தியிருக்க வேண்டும், மேலுள்ளவை பின்தங்கியிருக்க வேண்டும். மேசை இடப்பக்கம் நகர்ந்த பிறகு கோட்டைப் பார்த்தபோது, மேல் அட்டைகளே அதிகமாக இடப்பக்கம் போயிருந்தன. கை முதலில் நகர்ந்தது, மேசை பின்தொடர்ந்தது. அத்தோடு அவர் நிற்கவில்லை. கையின் பக்கவாட்டு அழுத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு முள்ளைப் பொருத்தி, அதை அமர்ந்திருப்பவர்களின் கண்ணில் படும்படி வைத்தார். அவர்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவரை அது அசையவில்லை, மேசையும் நகரவில்லை. முள்ளை மறைத்ததும், நேராகக் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறோம் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கும்போதே அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யாரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லாமல், அவரவர் கை என்ன செய்கிறது என்பதை அவரவருக்கே காட்டிய ஆய்வு இது.

இந்த நுட்பம் புரியாததால்தான், அதிசயக் கூற்றுகள் பற்றிய பெரும்பாலான வாக்குவாதங்கள் தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுகின்றன. ஐயப்படுபவர் “இது மோசடி” என்கிறார். நம்புபவருக்கோ தாம் மோசடி செய்யவில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். ஆகவே எதிராளி சொல்லும் மற்ற எல்லாமும் தவறு என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். ஒருவர் நேர்மையாக இருப்பதும் அவர் கூற்று சரியாக இருப்பதும் தொடர்பில்லாத இரண்டு செய்திகள் என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டால்தான் பேச்சு மேலே நகரும்.

பெர்லினில் கணக்குப் போடும் குதிரையாகப் புகழ்பெற்ற ஹான்ஸின் கதை இதை மேலும் தெளிவாக்குகிறது. கேள்வி கேட்டால் அது குளம்பால் தட்டி விடை சொல்லும். உரிமையாளர் இல்லாதபோதும், அந்நியர் கேட்டபோதும் சரியாகச் சொன்னது. உளவியலாளர் ஆஸ்கர் ப்ஃபுங்ஸ்ட் கேட்பவருக்கே விடை தெரியாதபடி கேள்விகளை அமைத்துப் பார்த்தார், குதிரை தோற்றது. குளம்பால் தட்டும் எண்ணிக்கை விடையை நெருங்கும்போது கேட்பவரின் உடல் இறுக்கமடைவதையும், எண் வந்ததும் தலை மிகச் சிறிதளவு நிமிர்வதையும் குதிரை கவனித்துக்கொண்டிருந்தது. 1907இல் வெளியான அவருடைய அறிக்கையில் என்னை மிகவும் சிந்திக்கவைத்த பகுதி வேறு: இந்தக் குறிப்பசைவுகளைக் கண்டுபிடித்த பிறகும், அவற்றைத் தன் உடலில் எழாமல் அடக்குவது அவராலேயே இயலவில்லை. அறிவு மட்டும் இருந்தால் போதாது, சோதனையின் அமைப்பே நம்மைக் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அந்த அமைப்புக்கு மறைப்புச் சோதனை என்று பெயர். முடிவின்மீது தாக்கம் செலுத்தக்கூடிய எவருக்கும், முடிவு பதிவாகும்வரை சரியான விடை தெரியக்கூடாது. 1784இல் பதினாறாம் லூயி மன்னர் அமைத்த குழு, உடலில் ஓடும் கண்ணுக்குத் தெரியாத காந்த ஆற்றலால் நோயைக் குணப்படுத்தலாம் என்ற மருத்துவர் மெஸ்மரின் உயிர்க்காந்தக் கோட்பாட்டை இப்படித்தான் ஆராய்ந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாசியேவும் அதில் இருந்தார்கள். ஃபிராங்க்ளினின் தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. காந்தத்துக்கு வசப்படுபவன் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவன் கண்கள் கட்டப்பட்டு மரம் மரமாக அழைத்துச் செல்லப்பட்டான். நான்காவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். அது ஏற்றப்படாத மரம். அவனுடைய மயக்கம் உண்மையானது. மயக்கத்துக்குச் சொல்லப்பட்ட காரணம்தான் உண்மையில்லை.

நல்ல சோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை என்பதை எமிலி ரோசா என்ற சிறுமி காட்டினார். நோயாளியைத் தொடாமலே அவரைச் சுற்றியுள்ள ஆற்றல் புலத்தைக் கைகளால் உணர முடியும் என்று சொன்ன 21 சிகிச்சையாளர்களை அவர் சோதித்தார். நடுவே ஒரு தடுப்பு அட்டை. அதிலுள்ள துளைகள் வழியே சிகிச்சையாளர் இரு கைகளையும் நீட்டுவார். மறுபக்கம் சிறுமி நாணயத்தைச் சுண்டி, அதன்படி வலக்கைக்கோ இடக்கைக்கோ மேலே தன் கையைக் கொண்டுசெல்வார். எந்தக் கை என்று சொன்னால் போதும். 280 முறைகளில் சரியான விடைகள் 123, அதாவது 44 விழுக்காடு. வெறும் ஊகத்தில் எதிர்பார்க்கத்தக்கது 140. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 1998இல் கட்டுரை வெளியானபோது அவருக்கு வயது 11.

இங்கே எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சோதனையைப் பத்து முறை நடத்தினால், பத்தும் தற்செயலாகச் சரியாவதற்கு 1024இல் ஒரு வாய்ப்பே உண்டு. ஆனால் எட்டோ அதற்கு மேலோ சரியாவதற்கு ஏறத்தாழ பதினெட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆயிரம் பேர் முயன்றால், எந்தத் திறனும் இல்லாமலே யாரோ ஒருவர் பத்தையும் சரியாகச் சொல்லிவிடக்கூடும். நம் காதுக்கு வரும் கதை அவருடையது மட்டுமே. ஆகவே எத்தனை முறை சோதிப்பது, எத்தனை சரியானால் வெற்றி என்பதைச் சோதனைக்கு முன்பே இரு தரப்பும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நம்புபவரும் “இந்த ஏற்பாடு எனக்குச் சம்மதம், இந்த அறையில் என் திறன் செயல்படுகிறது” என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். விடையை மறைக்காமல் ஒரு சுற்று நடத்திக் காட்டினால் அவர் அதை மனமாரச் சொல்ல முடியும். தோல்விக்குப் பிறகு கிரக நிலையையோ பார்வையாளரின் அவநம்பிக்கையையோ காரணம் காட்டும் சிக்கல், இந்த ஒரு நடைமுறையாலேயே பெருமளவு தீர்ந்துவிடும்.

விஞ்ஞானிகளுக்கும் இதே விதிதான். 1903இல் என்-கதிர்கள் என்ற புதுவகைக் கதிர்களைக் கண்டதாக அறிவித்த பிரெஞ்சு இயற்பியலாளர் ரெனே பிளாண்ட்லோ மதிப்புமிக்க ஆய்வாளர். அவருடைய இருட்டறைக்கு வந்த அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், கருவியின் முக்கிய உறுப்பான அலுமினியப் பட்டகத்தை யாரும் அறியாமல் எடுத்துவிட்டார். அளவீடுகள் முன்போலவே தொடர்ந்தன. மங்கலான ஒளி கூடுவதைக் காண விரும்பிய கண்கள், கூடுவதைக் கண்டன.

இதெல்லாம் அறிவாளிகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. ஏடிஇ 651 என்ற கருவி, வெடிகுண்டுகளைக் கண்டறியும் என்று சொல்லி ஈராக்குக்கு விற்கப்பட்டுப் பாக்தாதின் சோதனைச் சாவடிகளில் பயன்படுத்தப்பட்டது. ஒரு கைப்பிடியும் அதில் தளர்வாகச் சுழலும் கம்பியும்தான் அது. செயல்படும் மின்னணுப் பகுதி எதுவும் கிடையாது. பிடித்திருந்த வீரர் ஐயப்பட்ட வண்டியை நோக்கிக் கம்பி திரும்பியது. விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. மூடிய பெட்டிகளை வைத்து ஒரு பிற்பகல் நடத்தும் மறைப்புச் சோதனையே உண்மையைச் சொல்லியிருக்கும் என்பதை நினைக்கும்போது கோபமும் துயரமும் சேர்ந்தே வருகின்றன.

சமய நம்பிக்கையை இந்தத் தராசில் வைக்கலாமா? அந்த நம்பிக்கையானது உலகில் அளக்கத்தக்க விளைவைத் தரும் என்று சொல்லும்போது, அந்த விளைவை மட்டும் வைக்கலாம். 2006இல் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர், இதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, அந்நியர்கள் அவர்களுக்காகச் செய்யும் பிரார்த்தனையின் விளைவை ஆராய்ந்தார்கள். பிரார்த்தனை நடக்குமா என்று தெரியாமலிருந்த இரு பிரிவினரில், அது நடந்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் நடக்காதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. நிச்சயமாக நடக்கிறது என்று சொல்லப்பட்ட மூன்றாம் பிரிவில் அது 59 விழுக்காடு. பிரார்த்தனை கெடுதல் செய்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது, முன்பே முடிவை வைத்துக்கொண்டு எண்களைத் தேடுவதாகும். மூன்று பிரிவிலும் குடும்பத்தாரும் நண்பர்களும் தம் போக்கில் வேண்டிக்கொண்டிருப்பார்கள். அதை எந்த ஆய்வும் தடுக்கவோ அளக்கவோ முடியாது. பட்டியலில் பெயர் சேர்த்து, குறித்த சொற்களால், குறித்த நாள்களுக்கு அந்நியர் செய்த பிரார்த்தனை சிக்கல்களைக் குறைக்கவில்லை என்பதுதான் அந்த ஆய்வு சொன்னது. கடவுள் இருக்கிறாரா என்பதோ, பிரார்த்தனையால் வேண்டுபவரின் மனம் என்ன பெறுகிறது என்பதோ அங்கே கேட்கப்பட்ட கேள்விகளே அல்ல.

மேசைகளை ஆராய்ந்த ஃபாரடே, சாண்டிமேனியர் என்ற சிறு கிறித்தவப் பிரிவில் வாழ்நாள் முழுவதும் பற்றோடு இருந்தவர். அதன் மூப்பராகவும் பணியாற்றினார். தம் நம்பிக்கைக்கு அவர் ஆய்வகத்தில் சான்று தேடவில்லை. மேசை நகர்கிறது என்பது அளக்கக்கூடிய கூற்று. ஆகவே அதற்கு அட்டையும் பசையும் பென்சில் கோடும் கொண்டு விடை கண்டார்.