போர்ட் போனால் ஒயரை அடுத்த போர்ட்டில் குத்தாதீர்கள்

போன வாரம் தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு வருஷத்தில் அங்கே இது மூன்றாவது பி.ஓ.இ ஸ்விட்ச், அதாவது ஒரே ஒயரில் மின்சாரமும் கொடுத்துப் படத்தையும் வாங்கிக் கண்காணிப்பு கேமராக்களை ஓட்டும் பெட்டி. ஒயர் குத்தும் எட்டு போர்ட்டில் ஐந்து போய்விட்டது. பிள்ளைகள் சிங்கப்பூரில், ஆச்சி சென்னையில், வீட்டில் காவலுக்கு ஒரு அண்ணன் மட்டும். "இந்த ஸ்விட்சே சரியில்லை தம்பி, நல்ல கம்பெனியாப் பாத்து வேற போட்டுடு" என்று ஆச்சி போனில் சொன்னார்கள்.

நான் ஸ்விட்சைத் தொடவில்லை. காவலுக்கு இருந்த அண்ணனிடம், "முதல்ல போன போர்ட்ல எந்த கேமரா இருந்துச்சு?" என்று கேட்டேன். பின்வாசல் கேட் கேமரா என்றார். அடுத்துப் போன போர்ட்டில்? "அதே கேமராதான் தம்பி. மொதப் போர்ட் போனதும் நான்தான் மாத்திக் குத்தினேன்." ஐந்து போர்ட்டுக்கும் இதே பதில்தான்.

இந்த மாதிரி வீடு எனக்கு இது முதல் தடவை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போர்ட் என்பது பல்பு ஹோல்டர் மாதிரி, ஒன்று போனால் இன்னொன்றில் மாட்டிக்கொள்ளலாம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கேமரா உடனே எரிகிறது, படம் வருகிறது, பிரச்சினை தீர்ந்ததாக நம்புகிறார்கள். முதல் போர்ட்டைக் கொன்ற காரணம் அந்த ஒயரின் மறுமுனையில் அப்படியே இருக்கிறது. அடுத்த இடிமழைக்கு இரண்டாவது போர்ட் போகும். மலிவான ஸ்விட்சோ விலை கூடின ஸ்விட்சோ, போகத்தான் செய்யும். பல ஸ்விட்சுகளில் நாலு போர்ட்டுக்கோ எட்டு போர்ட்டுக்கோ சேர்த்து ஒரே சிப்தான் மின்சாரத்தைக் கொடுக்கிறது. அடி பலமாக விழுந்தால் 1 முதல் 4 வரை மொத்தமாகப் படுத்துவிடும். பக்கத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மூன்று கேமராவும் சேர்ந்து போகும்.

அந்தக் கேட்டுக்குப் போய்ப் பார்த்தோம். நம் ஊர் வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளமானவை. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரிலும் தேக்கு நிலையிலும் துளை போட யாருக்கும் மனசு வராது. சரி, எனக்கும் வராது. அதனால் ஒயரை ஓட்டுக்கூரை மேலே, மொட்டைமாடி ஓரமாக இழுத்துவிடுகிறார்கள். அதுவும் வீட்டுக்குள் போடும் ஒயர், வெயிலில் சீக்கிரமே வெடித்துவிடுகிறது. முகப்பிலிருந்து சுற்றி வளைத்துப் போனால் 100 மீட்டரைத் தாண்டிவிடும். அதுதான் இந்த ஒயருக்கு எல்லை. நடுவில் வெட்டி முறுக்கி டேப் சுற்றின இடங்கள் வேறு.

கேமரா மாட்டியிருந்தது இரும்புக் கம்பத்தில். இடி நேராக அதன்மேல் விழ வேண்டியதே இல்லை. பக்கத்தில் எங்கேயாவது விழுந்தாலே திறந்தவெளியில் கிடக்கிற அத்தனை நீள ஒயரிலும் மின்னழுத்தம் பாயும். கம்பம் நிற்கிற மண்ணுக்கும் வீட்டு எர்த்துக்கும் வித்தியாசம் இருந்தால், அது சமமாகிற வழி உங்கள் ஸ்விட்ச்தான்.

கனெக்டரைக் கழற்றினால் பின்கள் பச்சையாக இருந்தன. ஈரத்தோடு 48 வோல்ட் டி.சி. எந்நேரமும் ஓடினால் செம்பு கரைந்துதான் போகும். துருவையே ஆராய்ச்சி செய்கிற சிக்ரி நிலையம் இருக்கும் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வெளியே போடும் கேமராவின் ஜாயின்ட்டைப் பாலித்தீன் பையால் கட்டி வைக்கிறோம். பை தண்ணீரை வெளியே விடாது. மூடிய டப்பா வாங்குங்கள், ஒயர் நுழையும் வாய் கீழ்ப்பக்கம் இருக்கட்டும்.

போர்ட் உண்மையிலேயே செத்ததா என்று பார்க்க ஒரு முழ ஒயரும் நன்றாக ஓடும் கேமரா ஒன்றும் போதும். ஸ்விட்ச் பக்கத்திலேயே வைத்துச் சந்தேகப்படும் போர்ட்டில் மாட்டுங்கள். எரிந்தால் போர்ட்டில் குறையில்லை, பழைய ஒயரையும் பழைய கேமராவையும் பாருங்கள். எரியாவிட்டால் லேப்டாப்பை மாட்டிப் பாருங்கள். லேப்டாப் கருகிவிடும் என்று பயப்பட வேண்டாம். முறையான பி.ஓ.இ ஸ்விட்ச் மறுமுனையில் சுமார் 25 கிலோ ஓம் தடை தெரிந்த பிறகுதான் முழு மின்சாரத்தைத் திறக்கும். ஒயர்லெஸ் கருவிகளோடு வரும் 24 வோல்ட் அடாப்டர் சிலவற்றுக்கு மட்டும் அந்தப் புத்தி கிடையாது. அதன் மின்சாரம் வரும் பக்கத்தைக் கொண்டுபோய் ஸ்விட்சில் குத்தி போர்ட்டைக் கொன்றவர்களையும் பார்த்திருக்கிறேன். லேப்டாப்புக்கு நெட்வொர்க் வந்து, கேமராவுக்கு மட்டும் மின்சாரம் வரவில்லை என்றால் பாதி போர்ட்தான் போயிருக்கிறது. ஒயரில் மின்சாரம் மட்டும் ஏற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டியான தனி இன்ஜெக்டர் வைத்து ஓட்டலாம்.

பகலில் ஓடி, பொழுது சாய்ந்ததும் கேமரா அணைகிறதா? அது போர்ட் கோளாறாக இருப்பது அபூர்வம். இருட்டினதும் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எரிய ஆரம்பிக்கும், இழுக்கும் வாட் கூடும். 2003-ல் வந்த பழைய பி.ஓ.இ தரப்படியே ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், எட்டுக்கும் முழுசாகக் கொடுக்க 123 வாட் வேண்டும். உங்கள் ஸ்விட்சின் அடாப்டரில் 60 வாட் என்று போட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் எப்படிப் போதும்? வாட் போதுமான அளவு இருந்தால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசின அலுமினியம். செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தடை. ஒயர் பெட்டிக்குக் கொஞ்சம் பணம் மிச்சம் பிடித்து, பூட்டிக் கிடக்கிற வீட்டில் ராத்திரி நேரத்தில் கேமராவை இழக்கிறீர்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அப்புறம், ஸ்விட்சைக் காற்றுப் போகாத மர அலமாரிக்குள் பூட்டாதீர்கள். ஒயரின் எட்டு இழையையும் கனெக்டரில் அழுத்திப் பொருத்தி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். நாலு இழை போதும் என்பவரை வேலைக்கு வைக்காதீர்கள். திடீரென்று பாயும் மின்னழுத்தத்தை மண்ணுக்குத் திருப்பும் சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டால் அதன் பச்சை ஒயர் உண்மையான எர்த்துக்குப் போகிறதா என்று கண்ணால் பாருங்கள். அந்தரத்தில் தொங்கினால் அது வெறும் டப்பா. இடி இடிக்கும்போது யாரையும் மாடிக்கு அனுப்பாதீர்கள்.

ஆச்சி வீட்டில் கேட்டுக்கு ஃபைபர் இழுத்துவிட்டோம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. கேட்டிலேயே கேமராவுக்குத் தனி மின்சாரம், தனி எர்த். ஸ்விட்சை மாற்றவில்லை. மிச்சமிருந்த மூன்று போர்ட்டில் மற்ற மூன்று கேமராவும் ஓடுகின்றன.

அடுத்த தடவை யாரையாவது கூப்பிடுமுன், எந்த நேரத்தில் போனது, அன்றைக்கு மழையா, அந்த ஒயர் இதற்கு முன் எந்தப் போர்ட்டில் இருந்தது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி ஸ்விட்ச் மேலேயே ஒட்டி வையுங்கள்.