பில்லுக்குள் சப்டேபிளா, தனி டேபிளா?

பில்லிங் திரையில் மேலே வாடிக்கையாளர் பெயர், நடுவில் பொருள் வரிகள், கீழே வந்த பணம் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். அதைப் பார்த்து டேட்டாபேஸையும் அப்படியே வரைந்துவிடுகிறார்கள்: பொருள் வரிகள் ஒரு சப்டேபிள் (பில்லுக்குள்ளேயே அடங்கும் உள் டேபிள்), பணம் இன்னொரு சப்டேபிள். முதலாவது சரி. இரண்டாவது தவறு.

பொருள் வரி ஒரே ஒரு பில்லுக்குச் சொந்தம். பில் இல்லாமல் அதற்கு அர்த்தமே இல்லை. பணம் அப்படியல்ல. நம்மிடம் சரக்கு வாங்கும் கடைக்காரர் 50,000 ரூபாய்க்கு ஒரு காசோலை கொடுக்கிறார். 22,000, 18,000 ரூபாய் பில்கள் இரண்டையும் முடித்துவிட்டு, மீதி 10,000 ரூபாயை மூன்றாவது பில்லில் வரவு வைக்கச் சொல்கிறார். சப்டேபிளாக இருந்தால் ஒரே காசோலையை மூன்று பில்லில் துண்டு துண்டாக எழுத வேண்டும். பேங்க் ஸ்டேட்மென்ட்டிலோ 50,000 என்று ஒரே வரிதான் இருக்கும், எந்தத் துண்டும் அதோடு ஒத்துப்போகாது. காசோலை திரும்பிவிட்டால் மூன்று இடத்திலும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வராத பணம் வந்ததாகவே கணக்கில் நிற்கும். பில் போடும் முன்பே வாங்கிய அட்வான்ஸை எழுதவோ இடமே இல்லை.

வரவைத் தனி டேபிளாக வையுங்கள்: தேதி, காசோலை எண், தொகை, நிலை. பில்லையும் வரவையும் இணைக்க நடுவில் ஒதுக்கீடு டேபிள்: வரவு ஐடி, பில் ஐடி, தொகை. ஒதுக்கீடுகளின் கூட்டுத்தொகை வரவைத் தாண்டக்கூடாது. சாதாரண செக் கன்ஸ்ட்ரெயின்ட் (சேமிக்கும் மதிப்பு சரியா என்று டேட்டாபேஸ் சோதிக்கும் விதி) இதைப் பிடிக்காது, அது அந்தந்த வரியை மட்டுமே பார்க்கும். டிரான்ஸாக்‌ஷனுக்குள் (முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காது என்ற ஒரே தொகுப்பு) வரவு ரெக்கார்டை வேறு யாரும் மாற்றாதபடி பூட்டிவிட்டுக் கூட்டிப் பார்ப்பதே பத்திரம்.

தனி டேபிளாகப் பிரிப்பதிலும் ஒரு குழி உண்டு. பொருட்களுக்கு மாஸ்டர் டேபிள் (எல்லாப் பொருட்களின் விவரமும் இருக்கும் மூலப் பட்டியல்) வைத்து, பில் வரியில் பொருள் ஐடியை மட்டும் சேமித்தால், விலையும் ஜிஎஸ்டியும் மாஸ்டரிலிருந்தே வரும். 2025 செப்டம்பர் 22 முதல் டூத்பேஸ்ட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. மாஸ்டரில் அதை மாற்றிய நொடியே ஆகஸ்ட் மாத பில்களும் 5 சதவீதத்தில் அச்சாகும். விற்ற விலையும் ஜிஎஸ்டி விகிதமும் பில் வரியிலேயே நகலாக இருக்க வேண்டும். இதை டூப்ளிகேட் டேட்டா என்று சொல்லி நீக்குபவர்களிடம் கவனம்.

சப்டேபிள் வரிகளுக்கும் நிலையான ஐடி தேவை. சில மென்பொருள்கள் பில்லைத் திருத்திச் சேமிக்கும்போது பழைய வரிகள் அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகின்றன. ஐடி மாறிவிடும், திரும்பி வந்த சரக்கு எந்த வரியைச் சேர்ந்தது என்ற இணைப்பு அறுந்துபோகும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் பயன்படுத்தினால் ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் ஐடியைச் சுட்டும் இணைப்பு) வைத்த நெடுவரிசைக்கு, வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸை நீங்களேதான் போட வேண்டும்; மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி தானே போட்டுவிடும். டேபிளுக்குப் பதில் டாக்குமென்ட் என்ற ரெக்கார்டுகளாகச் சேமிக்கும் மோங்கோடிபியில் பொருள் வரிகளைப் பில் டாக்குமென்ட்டுக்குள் வைப்பது பொருத்தம். ஆனால் வாடிக்கையாளருக்குள் அவருடைய எல்லா பில்களையும் அடுக்காதீர்கள்: பட்டியலுக்கு முடிவில்லை, டாக்குமென்ட்டுக்கு 16 எம்பிதான் வரம்பு.