ஆண்ட்ராய்டு ஓப்பன் சோர்ஸ்தான், நீங்கள் வாங்கிய டேப்லெட் அல்ல

மறுபடியும் அதே கதை. மொத்தமாக டேப்லெட் வாங்கிய ஒரு பள்ளி, கூடவே வந்த விளம்பர ஆப்களை நீக்கித் தரச் சொல்லி அழைத்தது. தயாரிப்பாளர் அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டாராம். புதிய பதிப்பையும் நானே போட்டுத் தர வேண்டுமாம். கருவியை ஆன் செய்ததும் முதலில் ஓடி ஆண்ட்ராய்டைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் பூட்டியிருக்கிறது, திறக்க அந்த நிறுவனம் வழியே வைக்கவில்லை என்றேன். “ஆண்ட்ராய்டு ஓப்பன் சோர்ஸ்தானே சார், நீங்களே மாத்திக்கலாமே?” என்றார்கள். இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

கூகுள் ஏஓஎஸ்பி (ஆண்ட்ராய்டு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்) என்று வெளியிடும் ஆண்ட்ராய்டு மூலநிரல் கட்டற்ற மென்பொருள்தான். அதன் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் 2 என்ற உரிமத்தில் வருகிறது, மற்றவை பெரும்பாலும் அப்பாச்சி 2.0 என்ற உரிமத்தில். ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இரண்டு உரிமங்களையும் ஏற்கிறது. அதாவது, யாரும் இயக்கலாம், படித்து மாற்றலாம், பகிரலாம், மாற்றியதையும் பகிரலாம்.

கடையில் வாங்கும் கருவியில் இருப்பது அந்த நிரல் மட்டுமல்ல. அப்பாச்சி உரிமப்படி தயாரிப்பாளர் நிரலை எடுத்து மாற்றி, மாற்றியதை யாருக்கும் காட்டாமல் விற்கலாம். கெர்னலுக்கு ஜிபிஎல் என்பதால் அது நடக்காது, மூலநிரலைத் தந்தாக வேண்டும். (தராமல் இழுத்தடிப்பவர்களும் உண்டு, அது தனிப் பஞ்சாயத்து.) உரிமம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0ஐப் பாருங்கள். ஜிபிஎல் பகுதிகளைக் கொடுத்த கூகுள், மீதி நிரலை அந்த நவம்பரில் 4.0இன் நிரல் வரும்வரை வெளியிடவில்லை. இன்றும் பிளே ஸ்டோரும் பிளே சர்வீசஸும் மூடியவைதான். மோடம், கேமரா ஆகியவற்றை இயக்கும் ஃபர்ம்வேரும் டிரைவர்களும் பெரும்பாலும் மூலநிரல் இல்லாத வெறும் பைனரிகள். ஏஓஎஸ்பியை வைத்துத் தன்னார்வலர்கள் உருவாக்கும் லினேஜ்ஓஎஸ் போட்டாலும் இவற்றில் பல அப்படியே தொடரும்.

எல்லா நிரலும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் மாற்றியதை அந்தக் கருவி ஏற்க வேண்டுமே! தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத எதையும் பூட்டிய பூட்லோடர் இயங்க விடாது. நிரல் உங்களிடம், சாவி அவரிடம். டிவோ என்ற அமெரிக்க வீடியோ ரெக்கார்டர் இதைத்தான் செய்தது. அதைத் தடுக்கவே, மாற்றிய நிரலை நிறுவத் தேவையான தகவலையும் தர வேண்டும் என்று 2007இல் வந்த ஜிபிஎல் 3 கேட்டது. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் 2இலேயே நின்றுவிட்டது. ஆகவே ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயரை மட்டும் நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

வாங்கும் முன் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: பூட்லோடரைத் திறக்க அனுமதி உண்டா? கெர்னல் நிரல் எங்கே கிடைக்கும்? பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டுவரை? வாய்ப்பேச்சு வேண்டாம். லினேஜ்ஓஎஸ் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல், அதே மாடல் எண்ணுடன், இருக்கிறதா என்று பாருங்கள். யூடியூபைப் பார்த்து பூட்லோடரைத் திறக்காதீர்கள். பொதுவாகத் திறந்த கணமே கருவியில் உள்ள அத்தனையும் அழிந்துவிடும், பிறகு சில வங்கி ஆப்கள் வேலை செய்யாது. தயவுசெய்து, பிள்ளைகளின் பாட வேலைகளை முதலில் வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அதன் பிறகு கூப்பிடுங்கள், வருகிறேன்.