விரல் வைத்த சொல்

பங்குனி பிறந்தால் என் ஆலோசனை அறைக்கு வரும் பெற்றோர் பலரும் கேட்பது ஒன்றுதான்: "மேடம், அரசுப் பள்ளியா, மெட்ரிக்கா, இல்ல வீட்டிலேயே வெச்சு ஓப்பன் ஸ்கூல்ல எழுத வெச்சிடலாமா?"

போன வாரம் வந்த தம்பதிக்கும் அதே குழப்பம். பையன் ஐந்தாம் வகுப்பு, ஆங்கில வழி. கேள்வியைச் சொன்னால் பதிலை மூச்சுவிடாமல் கொட்டினான். அதே பதிலை அவன் நோட்டில் எடுத்து, நடுவில் ஒரு சொல்லில் விரல் வைத்து "இது என்ன?" என்றேன். முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்துதான் அந்தச் சொல்லைப் பிடித்தான். படிக்கத் தெரியவில்லை, ஒப்பிக்கத் தெரிகிறது. வகுப்பில் முதல் ஐந்து ரேங்க்குக்குள் வருகிறவனாம். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அப்புறம்தான் பள்ளி. இவனுக்கு வீட்டுவழிக் கல்வி சரிப்படாது என்று நேரடியாகவே சொன்னேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயதாக வேண்டும். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டும். இருவருமே வேலைக்குப் போகிறவர்கள்.

"அரசுப் பள்ளின்னா சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க?" என்று அப்பா தயங்கினார். சொந்தக்காரர்களை விடுங்கள், ஒரு நாள் காலை பத்து மணிக்கு அந்தப் பள்ளிக்கே போய்ப் பாருங்கள் என்றேன். ஆறாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நூலகப் புத்தகங்கள் பிள்ளைகள் கைபட்டுக் கசங்கியிருக்கின்றனவா? ஒரே ஊரில் ஓர் அரசுப் பள்ளிக்கும் இன்னொன்றுக்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. மெட்ரிக் பள்ளிகளும் அப்படித்தான்.

இன்னொன்று, பலர் கோட்டை விடுவது. மருத்துவப் படிப்பில் 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்வி உரிமைச் சட்டத்தில் இலவச இடம் பெற்று எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. மற்றபடி, பதினொன்றில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டுப் பின்னால் அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒதுக்கீட்டுக்காக மட்டும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இது ஆறாம் வகுப்பிலேயே எடுக்க வேண்டிய முடிவு என்று தெரிந்தே எடுங்கள்.

கிளம்பும்போது பையன் கேட்டான்: "அங்க கிரவுண்டு இருக்கா?" அதையும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை தினமும் இரவு கால்மணி நேரம் அம்மாவோடு ஒரு கதைப் புத்தகம், சொல் சொல்லாக விரல் வைத்து.