எலக்ட்ரான் கவர்தன்மை: சொல் விளக்கம்

பிணைப்பில் இரண்டு அணுக்கள் பகிர்ந்துகொள்ளும் எலக்ட்ரான் இணையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள ஓர் அணுவுக்கு உள்ள திறனே எலக்ட்ரான் கவர்தன்மை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இச்சொல்லையே ஆள்கின்றன. இலங்கையில் மின்னெதிர்த்தன்மை என்பது வழக்கு.

பின்னது எலக்ட்ரோநெகட்டிவிட்டி என்ற சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. அதன் முன்பாதி, அம்பர் என்னும் பழம்பிசினைக் குறித்த கிரேக்கச் சொல். தேய்த்த அம்பர் துரும்பை இழுத்ததால் அப்பெயர் மின்சாரத்துக்கும் வந்தது. பின்பாதி, மறுத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. சுவீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மின்னாற்பகுப்பில் (மின்சாரம் செலுத்திச் சேர்மத்தைப் பிரிப்பதில்) எந்த மின்வாயை நாடுகின்றன என்பதைக் கொண்டு தனிமங்களை வரிசைப்படுத்தியபோது எலக்ட்ரான் என்ற துகளே அறியப்பட்டிருக்கவில்லை. அது 1897இல்தான் கண்டறியப்பட்டது. 1932இல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங், பிணைப்பு ஆற்றல்களிலிருந்து இத்தன்மைக்கு எண்மதிப்புகளைக் கணித்துத் தந்தார்.

மின்னெதிர்த்தன்மை என்று கேட்கும் மாணவர், அந்த அணுவே எதிர்மின்னூட்டம் உடையது என்று எண்ண இடமுண்டு. கவர்தன்மையில் அந்த மயக்கம் இல்லை. ஆகவே அதுவே தகுந்த சொல் என்பேன். கவர்தல் என்பதற்குப் பறித்துக்கொள்ளுதல் என்பது பழம்பொருள். ‘கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்னும் குறளில் காண்பது அதுதான். ஈர்த்தல் என்ற பொருளிலும் இன்று வழங்குகிறது. வேதியியலுக்கு இவ்விரு பொருளும் வேண்டும். சென்னையை அடுத்த கேளம்பாக்கத்து உப்பளங்களில் வாரிக் குவிக்கும் உப்பில், பாலிங் அளவீட்டில் சோடியத்தின் மதிப்பு 0.93, குளோரினுடையது 3.16, வேறுபாடு மிகுதியாக இருப்பதால் குளோரின், சோடியத்தின் வெளிக்கூட்டு எலக்ட்ரானை ஏறக்குறைய முழுமையாகப் பறித்துக்கொள்கிறது. அதே பாத்தியில் தேங்கியிருந்த நீரிலோ, ஆக்சிஜன் 3.44, ஹைட்ரஜன் 2.20, இங்கே இணை பகிரப்பட்ட நிலையிலேயே ஆக்சிஜன் பக்கம் சாய்கிறது. முன்னது பறிப்பு, பின்னது ஈர்ப்பு.

தனிம வரிசை அட்டவணையின் ஒரு தொடரில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது, எலக்ட்ரான் கூடுகளின் எண்ணிக்கை மாறாமல் அணுக்கருவின் மின்சுமை மட்டும் ஏறுவதால் கவர்தன்மை பொதுவாகக் கூடுகிறது. தொகுதியில் கீழிறங்கினால் கூடுகள் பெருகி, இழுவை தளர்கிறது: ஃபுளூரின் 3.98, குளோரின் 3.16, புரோமின் 2.96, அயோடின் 2.66. விலக்குகளும் உண்டு, அலுமினியத்துக்குக் (1.61) கீழே இருக்கும் காலியம் 1.81 பெறுகிறது, ஏனெனில் இடையில் நிரம்பும் டி எனப்படும் உட்கூட்டின் எலக்ட்ரான்கள் கருவின் இழுவையை வெளி எலக்ட்ரான்களிடமிருந்து சரிவர மறைப்பதில்லை.

இச்சொல்லை எலக்ட்ரான் நாட்டத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. நாட்டம் என்பது வாயுநிலையில் தனித்திருக்கும் அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளியாகும் ஆற்றல். கவர்தன்மையோ பிணைப்புக்குள் மட்டுமே பொருள்படுவது. கவர்தன்மையில் ஃபுளூரினே முதலிடம். நாட்டத்தில் குளோரின் (மோலுக்கு 349 கிலோஜூல்) ஃபுளூரினை (328) விஞ்சுகிறது. ஃபுளூரின் அணு மிகச் சிறியது என்பதால், அதில் ஏற்கெனவே நெருங்கியிருக்கும் எலக்ட்ரான்கள் புதிதாக வருவதை எதிர்த்துத் தள்ளுகின்றன.