123-ஐ 100203 என்று எழுதும் குழந்தை

‘நூற்று இருபத்து மூன்று’ என்று சொன்னால் மகள் 100203 என்று எழுதுகிறாள், எத்தனை முறை திருத்தினாலும் மறுநாளும் அப்படியே எழுதுகிறாள், என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இது கவனக்குறைவு அல்ல. நூறு என்று காதில் விழுந்ததும் 100, இருபதுக்கு 20, மூன்றுக்கு 3. கேட்டதைக் கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறாள். பேசும்போது அளவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். எழுதும்போது அளவைச் சொல்வது இலக்கம் நிற்கும் இடம். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கும்படி யாராவது காட்டினால் ஒழிய அது தானாகப் பிடிபடாது. பெரியவர்களுக்கும் எளிதாக வந்துவிடவில்லை. இடமதிப்பு முறையில் எழுதிய பாபிலோனியர் காலியான இடத்தை வெற்றிடமாகவே விட்டார்கள். அதற்கென ஒரு குறி வர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பூஜ்ஜியத்தை ஓர் எண்ணாகக் கொண்டு பிரம்மகுப்தர் விதிகள் எழுதியது பொ.ஆ. 628-இல். பள்ளிக் குழந்தைக்குச் சில வாரங்களாவது கொடுக்க வேண்டும்.

இடமதிப்புக்கு முன்னால் கூட்டல் கொஞ்சம் பழகியிருக்க வேண்டும். 5 + 3 என்றால் குழந்தை முதலில் இரண்டு குவியலையும் ஒன்றிலிருந்து எண்ணும். பிறகு ஐந்தை மனதில் வைத்து 6, 7, 8 என்று தொடரும். ‘5, 6, 7’ என்று எண்ணி ஏழு என்று சொன்னால், எண்ணி முடித்த ஐந்தாவது பொருளை மறுபடி எண்ணுகிறது. ஐந்து பொத்தான்களை ஒரு டப்பாவால் மூடி, மேலே 5 என்று எழுதி, மூன்றை மட்டும் வெளியே வையுங்கள், சரியாகிவிடும். விரல்விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். 8 + 5-ஐ 8 + 2 + 3 என்று உடைத்துப் பத்தைத் தொடத் தெரிந்ததும் விரலின் தேவை தானாகக் குறையும்.

அடுத்தது குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுவதைக் குழந்தையே செய்ய வேண்டும். கட்டியதை வாங்கிக் கொடுத்தால் ‘ஒரு கட்டு’ தெரியும், அதற்குள் பத்து இருப்பது மறந்துபோகும். புரிந்ததா என்று பார்க்க, கல்வியாளர் கான்ஸ்டன்ஸ் காமியின் நூல்கள் வழியே பரவிய ஒரு சோதனை இருக்கிறது. 16 பொருள்களை வைத்து, 16 என்று எழுதி, ‘இந்த 6-க்கு உரியதைக் காட்டு’ என்று கேளுங்கள், ஆறு வரும். ‘இந்த 1-க்கு?’ என்றால் பல குழந்தைகள் ஒன்றை மட்டும் காட்டுவார்கள். மீதி ஒன்பது எதற்கு என்ற கேள்வியே அவர்களுக்கு எழாது.

இனி 100203-க்கான மருந்து: மரியா மாண்டிசோரியின் கல்விமுறையில் வழங்கும் எண் அட்டைகள். என் பார்வையில் இதைவிட அழகான கணிதக் கருவி தொடக்க வகுப்பில் வேறில்லை. வீட்டிலேயே செய்யலாம். 1 முதல் 9 வரை 4 செ.மீ. அகலத்தில் ஒன்பது அட்டைகள். 10 முதல் 90 வரை 8 செ.மீ.; 100 முதல் 900 வரை 12 செ.மீ. மொத்தம் 27 அட்டைகள், எல்லாவற்றுக்கும் ஒரே உயரம். ஒவ்வோர் இலக்கமும் தன் 4 செ.மீ. கட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுக்கும்போது பொருந்தாது. தடிமனான அட்டை தேவை. மெல்லிய தாளில் அடியில் உள்ள பூஜ்ஜியம் தெரிந்துவிடும்.

100, 20, 3 மூன்றையும் எடுத்து, வலது விளிம்பு ஒட்டி நிற்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். 20-இன் பூஜ்ஜியத்தை 3 மூடுகிறது. 100-இன் இரண்டு பூஜ்ஜியங்களை 23 மூடுகிறது. மேலிருந்து பார்த்தால் 123. மகள் எழுதிய 100, 20, 3 மூன்றும் அங்கேயே இருக்கின்றன, பூஜ்ஜியங்கள் மட்டும் அடியில் போய்விட்டன. அவள் நினைத்தது தவறில்லை, அடுக்க வேண்டியதைப் பக்கத்தில் வைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

பிறகு 105-ஐ அடுக்கச் சொல்லுங்கள். 100-இன் மேல் 5. நடுப் பூஜ்ஜியம் மூடப்படாமல் நிற்கிறது, ஏனென்றால் அதை மூடப் பத்துகளின் அட்டை எதுவும் வரவில்லை. ‘பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை’ என்று மனப்பாடம் செய்த குழந்தை 105-ஐ 15 என்று எழுதத் தயங்காது. இந்த அடுக்கைப் பார்த்த குழந்தைக்கு அந்தப் பூஜ்ஜியம் என்ன வேலை செய்கிறது என்று தெரியும். அட்டையோடு எப்போதும் குச்சிகளையும் வையுங்கள், பத்துக் கட்டுகளைச் சேர்த்த ஒரு பெருங்கட்டு நூறு. இல்லாவிட்டால் இதுவும் வெறும் இலக்க விளையாட்டாகிவிடும். ஒன்று, பத்து, நூறு ஆகியவற்றுக்குத் தனித்தனி நிறம் கொடுத்தால் தொடக்கத்தில் உதவும். பிறகு ஒரே நிறத்துக்கு மாற்றுங்கள். சில குழந்தைகள் இடத்தை விட்டு நிறத்தையே வாசிக்கத் தொடங்கும்.

27 + 15 = 312 என்ற புகழ்பெற்ற பிழைக்கும் இதே அட்டைகள் போதும். 20-உம் 10-உம் சேர்ந்து 30. 7-உம் 5-உம் சேர்ந்து 12. ஆனால் ஒன்றுகளில் 9-க்கு மேல் அட்டையே கிடையாது! வேறு வழியில்லாமல் 12-ஐ 10, 2 என்று பிரித்து எடுக்க வேண்டும். அந்த 10, 30-ஓடு சேர்ந்து 40 ஆகும். மேலே 2 வைத்தால் 42. குச்சியில் இதுவே பத்து உதிரிகளுக்கு ரப்பர் பேண்ட் போடுவது. இனமாற்றம் என்பது இவ்வளவுதான். இதைச் செய்து பார்க்கும் முன்பே ‘2 போட்டு மனதில் 1’ என்று பயிற்றுவிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்; அந்த 1 ஒரு பத்து என்பது மறைந்துபோகிறது.

கடைசியாக, 120-இல் எத்தனை பத்துகள் என்று கேளுங்கள். இரண்டு என்று பதில் வந்தால், பத்துகளின் இடத்தில் நிற்கும் இலக்கத்தைச் சொல்கிறது என்று பொருள். பெருங்கட்டைப் பிரித்துக் கையில் கொடுங்கள். பன்னிரண்டு கட்டுகளையும் குழந்தையே எண்ணட்டும்.